பரம்பரையும் பெருங்குடல் புற்றுநோயும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து நிற்பது, பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயாகும். 2012 முதல் 2016 வரையிலான காலத்துக்குரிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையின்படி ஆண்களிடையே முதலிடம் வகிப்பது இந்நோயே. நோய் கண்டறியப்படும்போதே நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிவிடுகின்றனர் என்பதும் அவ்வறிக்கை தரும் செய்தியாகும். இன அடிப்படையில் நோக்கின், சீனரிடையே இந்நோய் கூடுதலாகவும் இந்தியரிடையே அதனினும் குறைவாகவும் உள்ளது. இக்கணக்கைக் கொண்டு, இது நம்மவர்க்கு அவ்வளவாக வராத நோய் என்று கருதுவோர் உளர். ஓர் இனத்தின் சராசரி வேறு. ஒரு குடும்பத்தின் நிலை வேறு. சராசரி குறைந்த இனத்திலும், தலைமுறைதோறும் இந்நோய்க்கு ஆட்படும் குடும்பங்கள் இருக்கவே செய்கின்றன.

அத்தகைய குடும்பங்களில் நோய் எவ்வாறு வழிவழியாக இறங்குகிறது, அதனை முன்னரே அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கவை யாவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டே நாம் இதனை எழுதுகின்றோம். இக்குடும்பங்களின் உறவுமுறை, புலம்பெயர்வு வரலாறு, பெயரிடும் வழக்கம் ஆகிய மூன்றும் இந்த மருத்துவச் சிக்கலோடு நெருங்கிய தொடர்புடையவை.

மரபணு வேறுபாடும் பாடவேறுபாடும்

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்குப் பாடவேறுபாடு புதிதன்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோர் கைவழியே எழுத்துகள் மாறின, சொற்கள் விடுபட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பொருளைக் கெடுப்பதில்லை. சில மட்டுமே பொருளைப் புரட்டிவிடுகின்றன. மரபணு வேறுபாட்டையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். மனித உயிரணுவில் தாய்வழி வந்த படி ஒன்றும் தந்தைவழி வந்த படி ஒன்றுமாக மரபுத்தொகுதியின் இரு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒருவருடைய மரபுத்தொகுதியை ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குக் கொள்ளும் மூலத்தோடு வைத்து நோக்கினால், 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபாடு காணப்படும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை.

உயிரணு பிரியும்போதெல்லாம் இந்த ஏடு முழுவதும் புதிதாகப் படியெடுக்கப்படுகிறது. பெருங்குடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஆதலின் அங்குப் படியெடுப்பும் மிகுதி, பிழை நேரும் வாய்ப்பும் மிகுதி. இப்பிழைகளைக் கண்டு திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உள்ளன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கும் அத்தகையன. இவற்றுள் ஒன்றின் ஒரு படி பழுதுற்ற நிலையில் ஒருவர் பிறந்தாலும், மற்றொரு படி பணியாற்றும்வரை அவருக்குக் குறையொன்றும் தோன்றுவதில்லை. வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாம் படியும் பழுதுபட்டால், அங்குப் பிழைதிருத்தம் நின்றுவிடுகிறது. திருத்தப்படாத பிழைகள் விரைந்து குவிகின்றன. அவ்வுயிரணுவின் வழிவந்தவை காலப்போக்கில் புற்றாக மாறக்கூடும். எனவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது நோயன்று. நோய்க்கு எளிதில் ஆட்படும் இயல்பே என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு

இவ்வியல்பு குடும்பவழி வருவது என்னும் உண்மை ஆய்வுக்கூடத்தில் முதலில் வெளிப்படவில்லை. ஒரு பெண்ணின் குடும்ப நினைவிலிருந்தே வெளிப்பட்டது. 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியராக விளங்கிய ஆல்ட்ரெட் வார்த்தினிடம் தையல் தொழில் செய்த பெண்ணொருவர், தம் குடும்பத்தார் பலரும் குடற்புற்றாலோ கருப்பைப் புற்றாலோ இறந்தமையால் தாமும் அவ்வாறே இறக்க நேரும் என்று கூறினார். அவர் கருப்பைப் புற்றால் இளமையிலேயே மறைந்தார். செருமனியிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த அக்குடும்பத்தின் வழிமரபை வார்த்தின் தொகுத்து 1913இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1966இல், ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய வேறு இரு பெருங்குடும்பங்களைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இன்று இந்நிலை லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி என வழங்குகிறது. 1993, 1994ஆம் ஆண்டுகளில் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 ஆகியவை அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. 2000ஆம் ஆண்டில், வார்த்தின் ஆராய்ந்த அதே குடும்பத்தில் எம்.எஸ்.எச்.2 மரபணுவின் பழுது உறுதிசெய்யப்பட்டது.

குடும்பத்தார் நினைவில் வைத்திருந்த செய்தியை அறிவியல் மெய்ப்பிக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்நினைவு இல்லையெனில் ஆய்வு தொடங்கியே இராது என்பது நம் கருத்துக்கு அடிப்படையாகும்.

அரிய பெருமாற்றங்களும் பரவலான சிறுமாற்றங்களும்

பெருங்குடல் புற்றுநோய்க்குரிய மரபணு வேறுபாடுகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகை, ஒரு படி பழுதானாலே நோய்வாய்ப்பைப் பெரிதும் கூட்டுவது. லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி இவ்வகையைச் சார்ந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் குடும்பங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 280 பேருக்கு ஒருவர் இத்தகைய பழுதொன்றைத் தாங்கியிருக்கக்கூடும். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 ஆகியவற்றில் பழுதுடையோருள் பாதிப்பேர் அளவுக்கு வாழ்நாளில் பெருங்குடல் புற்றுக்கு ஆட்படலாம். ஏனைய இரண்டிலும் வாய்ப்பு குறைவு. கருப்பைப் புற்றும் இதே பழுதின் விளைவாக வரலாம். ஏ.பி.சி. என்னும் மரபணுவின் பழுதும் இவ்வகையினதே. அதனையுடையோர்க்கு இளமையிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான சிறு சதைவளர்ச்சிகள் தோன்றும். பாலிப் எனப்படும் அவற்றை அகற்றாவிடில் புற்று வருவது ஏறக்குறைய உறுதி. இவ்வகைப் பழுதுகளைப் பெற்றோருள் ஒருவர் உடையவராயின், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது இறங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகன், மகள் என்ற வேறுபாடு இதில் இல்லை.

இரண்டாம் வகை, இரு படிகளும் பழுதானால் மட்டுமே நோய்வாய்ப்பை மிகுவிப்பது. 2002இல் வேல்சு நாட்டின் கார்டிப் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்த எம்.யு.டி.ஒய்.எச். மரபணு இதற்குச் சான்று. பெற்றோர் இருவரும் நலமாயிருப்பர். பிள்ளைகளுள் சிலருக்கு மட்டும் நோய் வரும்.

மூன்றாம் வகை, மக்களிடையே பரவலாகக் காணப்படும் சிறு வேறுபாடுகள். ஒவ்வொன்றும் நோய்வாய்ப்பை இம்மியளவே கூட்டும் அல்லது குறைக்கும். பல ஒன்றுசேரும்போதே அவற்றின் தாக்கம் புலப்படும். 2007இல் எட்டாம் குரோமோசோமில் இத்தகைய முதல் இடம் அறியப்பட்டது. 2023இல் வெளியான பேராய்வு ஒன்று, நோயாளிகள் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்தி, இவ்வாறான 205 தொடர்புகளைக் காட்டியது.

மரபணுவே எல்லாம் என்று கொள்வதும் தவறு. சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளின் 44,788 இரட்டையர் இணைகளைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பின் வேறுபாட்டில் 35 விழுக்காட்டை மரபுக்கூறுகள் விளக்குவதாகக் கணித்தது. எஞ்சியதில் உணவு, உடலுழைப்பு, புகை, மது, உடற்பருமன் முதலியவற்றுக்குப் பங்குண்டு.

ஆய்வுகளில் நம் இடம்

மேற்கூறிய 2023ஆம் ஆண்டுப் பேராய்வு ஐரோப்பிய, கிழக்காசிய மரபினரைக் கொண்டு செய்யப்பட்டது. தென்னிந்திய மரபினர்க்கு அதில் இடமில்லை. இத்தகைய ஆய்வின் அடிப்படையில் அமைக்கப்படும் மரபுவழி வாய்ப்பு மதிப்பெண்ணை ஒரு தமிழர்க்குப் பொருத்திக் கூறின், அது எவ்வளவு துல்லியமாயிருக்கும் என்ற வினா எழுகிறது. எம்.யு.டி.ஒய்.எச். வரலாறும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. ஐரோப்பியரிடம் அடிக்கடி காணப்படும் மாற்றங்கள் இரண்டு. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலோ வேறொரு மாற்றம் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. அவ்விரண்டை மட்டும் தேடும் சோதனை, இந்திய நோயாளிக்குக் குறையில்லை என்று பிழையாகக் கூறிவிடக்கூடும்.

தென்னாசியரைப் பற்றிய ஆய்வுகள் அறவே இல்லை என்பதன்று. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், இந்திய நோயாளிகளிடம் எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 ஆகியவற்றின் மாற்றங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர், இந்நாட்டு லிஞ்ச் நோயாளிகளைப் பற்றி 2012இல் எழுதினர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1989 முதல் பாலிப் நோய்க் குடும்பங்களுக்கென ஒரு பதிவேடு பேணப்பட்டு வருகிறது. மார்பகப் புற்றுநோய்த் துறையில், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சுபாங் ஜெயாவிலுள்ள மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் மலாய், சீன, இந்தியப் பெண்கள் மூவரையும் உட்படுத்தி ஆய்வு நடத்தியுள்ளன. அவ்வளவு பரந்த முயற்சி பெருங்குடல் புற்றுநோய்க்கும் வேண்டப்படுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஐதராபாத்து உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரைக்கும் பிறரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தென்னாசியாவின் 263 அகமணக் குழுக்களுள் 81 குழுக்கள், பின்லாந்தியரையும் அசுகெனாசி யூதரையும் விட வலுவான தொடக்கக்குழு விளைவைக் காட்டின. அதாவது, ஒருசில முன்னோரிடமிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துகொண்ட குழுக்கள் அவை. ஒரு முன்னோரின் அரிய பழுது அக்குழுவில் பரவலாகிவிடக்கூடும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். தொடர்வண்டித் துறைப் பணிக்கென வந்த யாழ்ப்பாணத் தமிழர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தோர், மலையாளிகள், தெலுங்கர் எனப் பல வழியினர் அங்கு வாழ்ந்தனர். பதிவேட்டில் இவர்கள் அனைவரும் 'இந்தியர்' என்ற ஒரே வரிசையில் அடங்கிவிடுகின்றனர். அந்த ஒற்றை வரிசையின் சராசரி, அதனுள் அடங்கிய ஒரு சிறு குழுவின் நிலையைக் காட்டாது.

உறவுமுறையும் நோய்வழியும்

தமிழரின் உறவுமுறை, நோய்வழியை அறிவதற்கு ஒருபுறம் துணையாகவும் மறுபுறம் தடையாகவும் அமைகிறது. பங்காளி, சம்பந்தி, மாமன், மைத்துனர் என்று நுணுக்கமாகப் பகுத்தறியும் சொல்வளம் நம்மிடம் உண்டு. எனினும் குடும்ப வழி என்று கூறும்போது தந்தைவழியையே எண்ணுவது பெருவழக்கு. மணமாகிச் சென்ற அத்தையின் நோய், வேறு வீட்டாரின் நோயாகக் கருதப்பட்டுவிடுகிறது. தாய்வழிப் பாட்டியின் நோயைப் பலர் கணக்கில் கொள்வதேயில்லை. மரபணுவோ இரு வழியிலும் சமமாக இறங்குகிறது.

தாய்மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பதும், சில குடும்பங்களில் அக்காள் மகளை மணப்பதும் தோட்டப்புறத் தலைமுறைகளிலும் வழக்கில் இருந்தன. இத்தகைய இணையர் இருவரும் ஒரே முன்னோரின் பழுதைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு, உறவினரல்லாதாரைவிடக் கூடுதல். முறைப்பெண்ணை மணந்தோர் பிள்ளைகளுக்கு மரபணு இடங்களுள் சராசரியாக 16இல் 1 பங்கும், அக்காள் மகளை மணந்தோர் பிள்ளைகளுக்கு 8இல் 1 பங்கும் ஒரே முன்னோரிடமிருந்து இரு படிகளாக வந்துசேரும். ஆகவே எம்.யு.டி.ஒய்.எச். போன்ற இரண்டாம் வகைப் பழுதுகள் இக்குடும்பங்களில் வெளிப்பட ஏதுவுண்டு. லிஞ்ச் குடும்பமொன்றில், ஒரே பழுதையுடைய இருவர் மணந்துகொண்டால், பிள்ளைக்கு இரு படிகளும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அவ்வாறு பிறக்கும் குழந்தைக்குச் சிறு வயதிலேயே மூளை, குருதி, குடல் ஆகியவற்றில் புற்று தோன்றலாம். உறவுத் திருமணத்தைப் பழிப்பது இதன் நோக்கமன்று. பெரும்பாலான உறவுத் திருமணங்களில் நலமுள்ள பிள்ளைகளே பிறக்கின்றனர். நோய்வழி உள்ள குடும்பம் மணம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று என்பதே நாம் வலியுறுத்துவது.

தோட்டப்புற நினைவும் குடும்ப மரமும்

1991இல் வகுக்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட ஆம்சுடர்டாம் அளவுகோல், மருத்துவர்களிடையே மூன்று, இரண்டு, ஒன்று என்று நினைவில் கொள்ளப்படுகிறது. உறவினர் மூவருக்கு லிஞ்ச் தொடர்பான புற்று வந்திருத்தல். அவர்களுள் ஒருவர் மற்ற இருவருக்கும் பெற்றோர், உடன்பிறந்தார் அல்லது பிள்ளையாயிருத்தல். அடுத்தடுத்த இரு தலைமுறையில் வந்திருத்தல். ஒருவருக்கேனும் 50 வயதுக்கு முன் வந்திருத்தல் என்பன அதன் கூறுகள். ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். அத்தை 46 வயதில் கருப்பைப் புற்றால் மறைகிறார். தந்தைக்கு 52இல் பெருங்குடல் புற்று. மகனுக்கு 41இல் மலத்தில் குருதி காண்கிறது. மூலம் என்று எண்ணிக் கைமருத்துவம் செய்துகொள்கிறார். ஓராண்டு கழித்துப் புற்று உறுதியாகிறது. அத்தையைக் கணக்கில் சேர்த்தால் அளவுகோல் நிறைவேறுகிறது, விட்டுவிட்டால் நிறைவேறுவதில்லை. தந்தையின் நோய் அறியப்பட்ட அன்றே அத்தையையும் எண்ணியிருந்தால், மகனின் குருதிப்போக்கு மூலம் என்று ஒதுக்கப்பட்டிராது.

மலேசியத் தமிழர்க்கு இக்கணக்கெடுப்பு எளிதன்று. காப்பார், கேரித் தீவு முதலிய இடங்களின் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோரின் இறப்பு, 'வயிற்றுக் கட்டி', 'குருதிப்போக்கு', 'மூலக்கடுப்பு' என்ற பெயர்களிலேயே குடும்ப நினைவில் நிற்கிறது. நோயுற்றுத் தமிழகம் திரும்பியோரின் முடிவு, இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமலே போனதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபோது, ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் வெவ்வேறு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சிதறினர். பெயரிடும் வழக்கமும் இடையூறாகிறது. சீனர்க்குக் குடும்பப்பெயர் உண்டு. நமக்கோ அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று தந்தை பெயர் மட்டுமே தொடர்கிறது. பாட்டனையும் பேரனையும் ஒரே குடும்பத்தினர் என்று காட்டும் பெயர்த்தொடர்பு ஆவணத்தில் இல்லை. ஆகவே முதியோர் நினைவொன்றே பல குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள பதிவேடாகும். அவர்கள் மறையுமுன் அதனை எழுத்தில் பதிதல் வேண்டும்.

தாய்வழி, தந்தைவழி என இரு பக்கத்திலும் மூன்று தலைமுறையினரைக் குறித்தல், ஒவ்வொருவருக்கும் எந்த உறுப்பில் எந்த வயதில் நோய் கண்டது என எழுதுதல், கருப்பை நீக்கப்பட்ட பெண்களுக்கு அதன் காரணம் கேட்டறிதல், உறவுக்குள் நடந்த திருமணங்களைக் குறித்தல் ஆகியவை இப்பதிவுக்குப் போதும். மணம் தடைப்படும் என்ற அச்சத்தால் நோயை மறைப்பது நம்மிடையே உண்டு. மறைத்தவரின் பிள்ளைகளே அதன் விளைவை ஏற்கநேர்கிறது.

அறிந்தபின் செய்யத்தக்கவை

பரம்பரை நோய் என்றதும் அது தலையெழுத்து என்று கைவிடுவோர் பலர். பின்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று இவ்வெண்ணத்தை மறுக்கிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், 22 லிஞ்ச் குடும்பங்களைச் சார்ந்த 252 பேர் 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருங்குடல் அகநோக்கிச் சோதனை செய்துகொண்டோரிடையே நோய் 62 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் எவரும் இந்நோயால் இறக்கவில்லை. சோதனை செய்துகொள்ளாதோருள் ஒன்பதின்மர் இறந்தனர். அகநோக்கி வழியே பாலிப்பை அகற்றினால் அது புற்றாக மாறும் வாய்ப்பு அப்போதே நீங்கிவிடுகிறது. லிஞ்ச் பழுதுடையோர்க்கு இந்த மாற்றம் விரைந்து நிகழ்வதால், ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை சோதனை செய்தல் இன்று பரிந்துரைக்கப்படுகிறது. பழுதுற்ற மரபணுவைப் பொறுத்து அது 25 அல்லது 35 வயதளவில் தொடங்கும். 861 லிஞ்ச் நோய்வழியினரைக் கொண்ட மற்றோர் ஆய்வின் 2020ஆம் ஆண்டு முடிவின்படி, ஆஸ்பிரின் உட்கொண்டோருள் 9 விழுக்காட்டினர்க்கும் உட்கொள்ளாதோருள் 13 விழுக்காட்டினர்க்கும் பெருங்குடல் புற்று வந்தது. எனினும் ஆஸ்பிரின் குருதிக்கசிவை உண்டாக்கவல்லது. மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

முதற்படி எளியது. நோய்வழி இல்லாத 50 வயதுக்கு மேற்பட்டோர், அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காணும் சோதனையைச் செய்துகொள்ளலாம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளை ஆகியோருள் ஒருவருக்கு இளவயதில் நோய் வந்திருப்பின் இச்சோதனை போதாது. அத்தகையோர் 40 வயதிலோ, நோயுற்றவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போதே அகநோக்கிச் சோதனை பெறுவது பொதுநெறி. அறுவையில் அகற்றப்பட்ட கட்டியைப் பிழைதிருத்தப் புரதங்களுக்காகச் சோதிக்குமாறு நோயாளியின் குடும்பத்தார் மருத்துவரைக் கேட்கலாம். குடும்ப நினைவு சிதைந்த இடத்தும், லிஞ்ச் நிலை குறித்த ஐயத்தை அக்கட்டியே எழுப்பித் தரும். மரபணுச் சோதனையை நோயுற்றவரிடமே முதலில் தொடங்குதல் சிறப்பு. அவரிடம் பழுது இன்னதென அறிந்தபின், உறவினர்க்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். பழுது இல்லை எனத் தெரியவரும் உடன்பிறந்தார் அடிக்கடி செய்யும் சோதனைகளிலிருந்து விடுபடுகின்றனர். பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மரபியல் பிரிவுகள் உள்ளன. கிள்ளான் வட்டாரத்தார் தம் சுகாதார நிலைய மருத்துவரிடம் குடும்ப மரத்தைக் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். காப்புறுதி பற்றிய ஐயங்களைச் சோதனைக்கு முன்னரே ஆலோசகரிடம் கேட்டுத் தெளிதல் நலம்.

முடிவுரை

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆட்படும் இயல்பு வழிவழியாக இறங்கக்கூடியது. அவ்வாறு இறங்குவதை அறிந்தால் நோயைப் பெருமளவு தடுக்கவும் இயலும். உலக ஆய்வுகளில் தென்னிந்திய மரபினர்க்கு உரிய இடம் இன்னும் கிட்டவில்லை. அது கிட்டும்வரை, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கையில் உள்ள செலவில்லாத கருவி அதன் குடும்ப மரமே. புலம்பெயர்வு வரலாற்றையும் உறவுமுறையையும் ஆராயும் இந்திய ஆய்வியல் துறையினர்க்கும் இதில் பங்குண்டு. தோட்டப்புற முதியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர், பாடல்களையும் சடங்குகளையும் கேட்டறிவதோடு, குடும்பத்தார் எந்நோயால் எவ்வயதில் மறைந்தனர் என்பதையும் அவர்தம் இசைவோடு கேட்டு எழுதி, அந்தப் படியை அக்குடும்பத்தாரிடமே ஒப்படைப்பாராயின், அவர்தம் பேரப்பிள்ளைகளுள் சிலர் உரிய வயதில் மருத்துவரிடம் செல்ல அது வழிவகுக்கும்.